ஆன்லைன் கடையில் பொருளைப் பற்றி எப்படி எழுதினால் வாங்குவார்கள்?

ஆட்கள் வருகிறார்கள், பார்க்கிறார்கள், வாங்காமலே போய்விடுகிறார்கள். எழுத்தில் எதை மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மாதிரிப் பக்கங்களுக்கு எழுதுவதுதான் என் வேலை என்பதால் சொல்கிறேன்.

கடைக்கு நேரில் போகிறவர் பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பார், ஜிப்பை இழுத்துப் பார்ப்பார், சந்தேகம் வந்தால் நிற்கிறவரிடம் கேட்பார். ஆன்லைனில் இது எதற்கும் வழியில்லை. அந்த இடத்தை உங்கள் எழுத்துதான் நிரப்ப வேண்டும். ஆனால் பெரும்பாலான பக்கங்களில் இருக்கிற இடமெல்லாம் பொருளைப் புகழ்வதிலேயே போய்விடுகிறது.

லேப்டாப் பை ஒன்றை எடுத்துக்கொள்வோம். “உயர்தரமான, நேர்த்தியான, உங்கள் அன்றாடத் தேவைக்கேற்ற பை.” இதே வரியைச் செருப்புக்கும் போடலாம், குடைக்கும் போடலாம். படிப்பவர் மனதில் ஓடுவதோ வேறு: என் லேப்டாப் உள்ளே போகுமா? மழையில் நனைந்தால் என்ன ஆகும்? அப்படியானால் இப்படி எழுதுங்கள்: “15.6 இன்ச் வரையுள்ள லேப்டாப் சார்ஜரோடு உள்ளே போகும். தூறலைத் தாங்கும். கொட்டும் மழைக்கு மேலுறை போட வேண்டும். அது அடியிலுள்ள சின்ன அறையிலேயே இருக்கிறது. பக்கவாட்டில் 1 லிட்டர் பாட்டில் நிற்கும்.”

கொட்டும் மழை பற்றிய அந்த வரியைப் போடக் கடைக்காரர்கள் தயங்குவார்கள். நான் விடாப்பிடியாக வைக்கச் சொல்வேன். அதைப் படித்தவர் மற்ற வரிகளையும் நம்புவார். தனக்குச் சரிப்படாது என்று தெரிந்தவர் வாங்கித் திருப்பி அனுப்பவும் மாட்டார்.

சுருக்கமாக எழுதச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. இணையதளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்கிற ஜேக்கப் நீல்சன் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், புதிய பக்கத்தை 79 சதவீதம் பேர் மேலோட்டமாகக் கண்ணோட்டியதாகவும், 16 சதவீதம் பேர் மட்டுமே ஒவ்வொரு வார்த்தையாகப் படித்ததாகவும் இருக்கிறது. ஒரே சுற்றுலாத் தளத்தைப் பல விதமாக எழுதிச் சோதித்தார்கள். விளம்பர நடையை எடுத்துவிட்டு உள்ளதைச் சொன்னதற்கு, பயன்படுத்த எளிதா என்ற அளவீடு 27 சதவீதம் கூடியது. ஏறக்குறைய பாதியாகச் சுருக்கியதற்கு 58 சதவீதம். புகழ்ச்சி வந்தால் படிப்பவர் எது உண்மை, எது மிகை என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தச் சிரமமே அவரைத் தள்ளிவிடும்.

என்ன எழுதுவதென்று தெரியவில்லையா? வாடிக்கையாளர்கள் சாட்டில் கேட்ட கேள்விகளையும், திருப்பி அனுப்பியபோது சொன்ன காரணங்களையும் ஒரே இடத்தில் தொகுத்துப் படியுங்கள். “போட்டால் தோள்பட்டை வலிக்கிறது” என்று எழுதியிருந்தால், ‘எர்கோனாமிக்’ (உடலுக்கு இசைவானது) என்று மாற்றாமல் தோள்பட்டை என்றே பேசுங்கள். அவர்கள் தேடுவதும் அந்த வார்த்தையைப் போட்டுத்தான்.

வாங்குவதற்கு அழுத்தும் பட்டனில் இருப்பதும் அதன் பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்தும் பலர் கண்டுகொள்ளாதவை. இணையதளப் பயன்பாட்டு நிபுணர் ஜாரெட் ஸ்பூல் எழுதிய ஒரு சம்பவம் இந்தத் துறையில் பிரபலம்: ஒரு பெரிய ஆன்லைன் கடையில் பணம் கட்டும் முன் ‘ரிஜிஸ்டர்’ செய்யச் சொல்லும் படிவம் வந்து நின்றது. அதிலிருந்த ‘ரிஜிஸ்டர்’ பட்டனை எடுத்துவிட்டு ‘கன்டினியூ’ (தொடரவும்) என்ற பட்டனை வைத்து, வாங்குவதற்குக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை என்று கீழே எழுதினார்கள். வாங்கியவர்கள் எண்ணிக்கை 45 சதவீதம் கூடியது. உங்கள் பட்டன் பக்கத்திலும் எப்போது வந்து சேரும், எத்தனை நாளுக்குள் திருப்பலாம், திருப்புகிற செலவு யாருடையது என்பதை எழுதுங்கள். இவற்றைத் தனிப் பக்கத்தில் வைத்தால் தேடிப் போகிறவர்கள் குறைவு.

எல்லாப் பக்கங்களையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். நிறையப் பேர் பார்த்தும் விற்காத ஒரு பொருளில் ஆரம்பியுங்கள். அப்போது படத்தையும் விலையையும் தொடாதீர்கள். தொட்டால், விற்பனை கூடினாலும் எதனால் கூடியது என்று உங்களுக்குத் தெரியாது.