புதிய அரசுக் கல்லூரியா, சென்னை நிகர்நிலையா, ஜார்ஜியாவா?

கேள்வி: என் மகளின் நீட் மதிப்பெண்ணுக்கு மாநில ஒதுக்கீட்டில் இராமநாதபுரம் போன்ற புதிய அரசு மருத்துவக் கல்லூரி கிடைக்கலாம் என்கிறார்கள். சென்னையில் ஒரு நிகர்நிலை (டீம்டு) பல்கலைக்கழகத்தில் ஆண்டுக் கட்டணம் 25 லட்சம். ‘ஒருங்கிணைந்த பாடத்திட்டம், சிமுலேஷன் லேப்’ என்று விளம்பரம். ஏஜென்ட் ஒருவர் ஜார்ஜியாவுக்கு அனுப்பச் சொல்கிறார். எதை எடுப்பது?

பதில்: முதலில் பாடத்திட்டக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். 2019-இல் சேர்ந்தவர்கள் தொடங்கி இந்தியாவின் எல்லாக் கல்லூரிகளிலும் எம்.பி.பி.எஸ்.ஸுக்குத் திறன்சார் பாடத்திட்டம்தான். பாடங்களை இணைத்து நடத்துவது, முதலாண்டிலேயே நோயாளியைக் காட்டுவது, திறன் பயிற்சிக்கூடம், விரும்பிய துறையில் சில வாரம் பயிலும் எலெக்டிவ் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. நிகர்நிலை விளம்பரத்தில் தனிச்சிறப்பாகச் சொல்லப்படுவது இராமநாதபுரத்துக்கும் விதிக்கப்பட்டதுதான். நாலரை ஆண்டுப் படிப்பு, அதன்பின் சி.ஆர்.ஆர்.ஐ. எனப்படும் ஓராண்டுக் கட்டாய மருத்துவமனைப் பயிற்சி என்பதும் பொது. உண்மையான வித்தியாசம் தேர்வில் உண்டு: அரசுக் கல்லூரிக்குத் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் தேர்வு நடத்துகிறது; நிகர்நிலை தானே கேள்வித்தாள் எடுத்துத் தானே திருத்துகிறது. பட்டத்தின் மதிப்பும் பதிவும் இரண்டுக்கும் ஒன்றே.

ஆகவே ஒப்பிட வேண்டியது மருத்துவமனையை. இரண்டாம் ஆண்டு முதல் தினமும் காலையில் மூன்று மணி நேரம் வார்டு போஸ்டிங். அந்த மூன்று மணி நேரத்தில் எதிரே நோயாளி இருக்கிறாரா என்பதே உங்கள் மகள் எப்படிப்பட்ட மருத்துவராவாள் என்பதை முடிவு செய்யும். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிப்படி 100 இடங்கள் உள்ள கல்லூரிக்கு 420 படுக்கைகள், 150-க்கு 605, 250-க்கு 900. அவற்றில் 80 சதவீதம் நிரம்பியிருக்க வேண்டும். 420-இல் 80 சதவீதம் என்றால் 336 பேர். இது காகிதக் கணக்கு. கட்டணம் வாங்கும் மருத்துவமனைகள் சிலவற்றில் ஆய்வு நாளன்று மட்டும் படுக்கைகள் நிறைவதுண்டு.

அதனால் முன்னறிவிப்பின்றி ஒரு வேலைநாளில் நேரில் போய்விடுங்கள். காலை ஒன்பது மணிக்கு ஓ.பி. சீட்டு வரிசையைப் பாருங்கள். மாலை ஆறு மணிக்குப் பொது மருத்துவ வார்டு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். காலியென்றால் அந்த நேரத்தில் தெரிந்துவிடும். லேபர் வார்டில் மாதம் எத்தனை பிரசவம் என்று கேளுங்கள். சி.ஆர்.ஆர்.ஐ. பயிற்சியில் இருக்கும் இருவரைத் தனியே சந்தித்து, ‘உங்கள் கையால் எத்தனை பிரசவம் பார்த்தீர்கள், எத்தனை தையல் போட்டீர்கள், உதவித்தொகை எவ்வளவு கைக்கு வருகிறது’ என்று கேளுங்கள். கல்லூரி அலுவலகத்தின் பதிலைவிட இது மெய்யானது. உடற்கூறியல் கூடத்தில் ஓர் உடலைச் சுற்றி 15 பேருக்கு மேல் நின்றால், பின்வரிசைக்கு ஒன்றும் தெரியாது.

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலிருந்து வளர்ந்த புதிய கல்லூரிகளில் பாம்புக்கடி, விபத்து, பூச்சிமருந்து குடித்தவர்கள், காசநோய், பிரசவம் எல்லாம் வரும். பிஜி (முதுநிலை) மாணவர்கள் குறைவாக இருப்பதால் சி.ஆர்.ஆர்.ஐ.க்கே ஊசியும் தையலும் கிடைக்கும். பெரிய நகரக் கல்லூரியில் அந்த வேலையைப் பிஜிக்கள் செய்ய, இவர்கள் ரத்த மாதிரி தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். குறையையும் சொல்லியாக வேண்டும். இருதயம், நரம்பியல் போன்ற உயர்சிறப்புத் துறைகள் இங்கே மெலிவாக இருக்கும். சிக்கலான கேஸ்கள் மதுரைக்குப் போய்விடும். முதல் ஒரு மணி நேரத்தைப் பார்க்கும் மாணவர் முடிவைப் பார்ப்பதில்லை. எலெக்டிவ் வாரங்களைப் பெரிய மருத்துவமனையில் செலவழித்தால் இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டலாம். பேராசிரியர் பணியிடங்கள் காலியாக உள்ளனவா, விடுதி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறதா, இரவுப் பணி முடித்து நடக்கும் பாதையில் வெளிச்சம் உண்டா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பணக் கணக்கு: 25 லட்சம் வீதம் நாலரை ஆண்டுக்கு 1 கோடியே 12 லட்சத்து 50 ஆயிரம். விடுதி தனி. எம்.பி.பி.எஸ்.ஸோடு யாரும் நிற்பதில்லை, எம்.டி.க்கும் பணம் தேவைப்படலாம். வீட்டை அடகு வைத்துக் கட்டும் நிலை என்றால் நிகர்நிலையை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். கடனில்லாமல் கட்ட முடியும், அந்த மருத்துவமனை மாலையிலும் நிறைந்திருக்கிறது என்றால் மட்டும் யோசியுங்கள்.

ஜார்ஜியா பற்றிச் சுருக்கமாக: அதே ஆணையத்தின் 2021 நவம்பர் விதிகளின்படி வெளிநாட்டுப் படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழி, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, அந்த நாட்டிலேயே தொழில் செய்யும் உரிமம் பெறத் தகுதி, சேர்ந்து 10 ஆண்டுக்குள் முடிப்பது என எல்லாம் பொருந்த வேண்டும். திரும்பி வந்து, வெளிநாட்டில் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் 300-க்கு 150 எடுத்து, இங்கே மறுபடி 12 மாதப் பயிற்சி. ஒன்று தவறினாலும் இங்கே பதிவு கிடையாது. வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் நோயாளி பேசுவது ஜார்ஜிய மொழி. ‘எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து’ என்று கேட்கத் தெரியாதவர் வார்டில் பார்வையாளர்தான். கைவசம் அரசு இடம் இருக்கும்போது இதற்குத் தேவையே இல்லை.

எனவே, நேரில் பார்த்ததில் பெரிய குறை தெரியாவிட்டால், அரசு இடம்தான் எங்கள் தேர்வு.

கலந்தாய்வில் ஒரு எச்சரிக்கை. மாநில ஒதுக்கீட்டு அரசு இடங்களுக்கு மாநிலத் தேர்வுக்குழுவும், நிகர்நிலை இடங்களுக்கு மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழுவான எம்.சி.சி.யும் தனித்தனியே கலந்தாய்வு நடத்துகின்றன. நிகர்நிலைக்கு முன்பணம் 2 லட்சம். முதல் சுற்றில் கிடைத்த இடத்தில் சேராமல் விட்டால் அந்த முன்பணம் திரும்பி வரும். இரண்டாம் சுற்றில் விட்டால் போய்விடும். அந்தந்த ஆண்டின் அறிவிப்பை முழுதாகப் படித்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

விருப்பப் பட்டியலில் பலர் செய்யும் தவறு, ‘இந்த மதிப்பெண்ணுக்கு இதுதான் வரும்’ என்று கிடைக்கக்கூடியதை மேலே எழுதுவது. கிடைக்காத கல்லூரியை மேலே போடுவதால் எந்த நஷ்டமும் இல்லை, அடுத்ததற்கு இறங்கிவிடும். மதுரையை முதலில், பிறகு சிவகங்கை, புதுக்கோட்டை, அதன்கீழ் இராமநாதபுரம் என்று நீங்கள் உண்மையிலேயே விரும்பும் வரிசையில் எழுதி, லாக் செய்த பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.