காலநிலை மாடலில் மழை ஏன் மதியமே பெய்துவிடுகிறது?

கிருஷ்ணகிரிப் பக்கம் மே மாத மழை எப்படி வரும்? காலையில் சுள்ளென்று வெயில், மதியம் பஞ்சுப்பொதி மேகம். சாயங்காலம் காற்று புழுதியைக் கிளப்பி, நாலு மாங்காயை உதிர்த்துவிட்டுத்தான் மழை இறங்கும். காலநிலையைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டும் மாடலிலோ உச்சிவெயிலுக்கே பெய்துவிடும்.

உலக மாடல்கள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன; ஒரு கட்டத்தின் அகலம் சுமார் 100 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் ஒன்றுக்குள்ளேயே அடங்கிவிடலாம். இடிமேகம் சில கிலோமீட்டர்தான். அதனால் மேகத்தை நேரடியாகக் கணக்கிடாமல், ‘தரை சூடாகிக் காற்று நிலைகுலைந்தால் மழை’ என்று தோராயச் சூத்திரம் வைக்கிறார்கள். அது அவசரக்குடுக்கை. நிஜத்தில் குட்டி மேகங்கள் சுற்றியுள்ள உலர்காற்றில் கரைந்து, அதை ஈரமாக்கிய பிறகே பெரிய மேகம் எழும். அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும்.

கட்டத்தை 4 கிலோமீட்டருக்குக் கீழே கொண்டுவந்தால் அந்தச் சூத்திரத்தை நிறுத்திவிடலாம். மழை நேரமும் பெரும்பாலும் சரியாகிறது. கணினிச் செலவுதான் தலைசுற்ற வைக்கும்.