ஆறாம் வகுப்புக்கு மேல் தடை இருக்கும்போது ஆப்கான் சிறுமிகளின் கல்வியை விரிவாக்க வழி உண்டா?

உண்டு, ஆனால் குறுகலான வழி. தாலிபான் ஆட்சியின் தடையால் 2021 செப்டம்பரில் இருந்து ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவு மூடியது. 2024 டிசம்பரில் செவிலியர், மருத்துவச்சி படிப்புகளும் போயின. மருத்துவச்சி இல்லாமல் சாகப்போவதும் பெண்கள்தான், இதை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

ஆக, வெளிப்படையாகச் செய்ய முடிவது ஆறாம் வகுப்பு வரைதான். அதுவும் சின்ன விஷயம் இல்லை. மலைக் கிராமங்களில் பள்ளி வெகு தூரத்தில் இருக்கும், அத்தனை தூரம் மகளைத் தனியே அனுப்பப் பெற்றோர் பயப்படுவார்கள். அதற்குத்தான் கிராம வகுப்புகள்: ஒரு வீட்டிலோ மசூதியிலோ ஓர் அறை, அரசுப் பாடத்திட்டம், முடிந்தவரை அந்த ஊர்க்காரரே ஆசிரியர். தடைக்கு முன்பு கோர் மாகாணத்தில் 31 கிராமங்களில் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். வகுப்பு ஊருக்குள் வந்ததும் சிறுமிகளின் சேர்க்கை 52 சதவீதப் புள்ளிகள் கூடியது. சேர்க்கையில் ஆண், பெண் இடைவெளியே மறைந்தது. படிக்க வைக்க அந்தப் பெற்றோருக்கு மனம் இருந்தது, பள்ளிதான் பக்கத்தில் இல்லை.

சரி, ஆறாம் வகுப்புக்கு அப்புறம்? 1990களில் முதல் தாலிபான் ஆட்சியின்போது ஆப்கான் கல்வியாளர் சகீனா யாகூபி வீடுகளுக்குள் ரகசிய வகுப்புகள் நடக்க உதவினார். இப்போதும் அப்படி நடக்கின்றன. 2021 மார்ச் 8 அன்று காபூலில் தொடங்கிய ரேடியோ பேகம் என்ற பெண்கள் வானொலி பாடங்களை ஒலிபரப்பியது. 2024 மார்ச்சில் பாரிஸிலிருந்து பேகம் டிவியும் வந்தது. ஆனால் இப்படிப் படிக்கும் பெண்ணுக்கு அரசுச் சான்றிதழ் கிடையாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் நுழைவுத் தேர்வை மட்டும் வைத்து அவளைச் சேர்த்துக்கொண்டால் பெரிய உதவி.