மூச்சை இழுத்தால் மூக்கு ஒட்டிக்கொள்வது பற்றி

வணக்கமுங்க. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, மூச்சை இழுத்தால் வலது மூக்கு உள்ளே ஒட்டுகிறது, டாக்டர் ரேடியோ அலைச் சூடு வைக்கலாம் என்கிறார், பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீங்க.

கண்ணாடி முன் நின்று மூக்கை ஒட்டிய கன்னத்தை ஒரு விரலால் காதுப் பக்கம் இழுத்துப் பிடித்து மூச்சை இழுங்க. சட்டென்று காற்று தாராளமாகப் போனால் கோளாறு பெரும்பாலும் மூக்கு வால்வில்தான். மூக்குப் பாதையிலேயே குறுகலான இடம் அது. அதன் பக்கச்சுவரில் கருவி முனையை அழுத்தி, உள்ளிருக்கும் குருத்தெலும்பையும் திசுவையும் சில நொடிகள் சுமார் 60 டிகிரிக்குச் சூடாக்குவார்கள். ஆறும்போது சுவர் இறுகி, வழி கொஞ்சம் அகலும். காங்கயம் காளைக்குப் போடும் சூடு மாதிரி நினைத்துப் பயப்படாதீங்க. கொதிக்கிற தண்ணீரைவிடச் சூடு குறைவு. கத்தி, தையல் இல்லை, மரத்துப்போக ஊசி போட்டால் போதும். சில வாரம் உள்ளே பொருக்குத் தட்டும். பலன் மெதுவாகத்தான் தெரியும்.

ஆனால் ஒன்று. ரேடியோ அலை வைத்து மூக்குக்குள் வீங்கிய சதையைச் சுருக்குவதும் உண்டு. எனக்குச் செய்தது அதுதான். வால்வு அப்படியே கிடந்தது. கேட்காமல் படுத்தது என் தப்பு. நீங்க எந்த இடத்தில் சூடு என்று கேட்டுவிடுங்க. இரண்டு மூக்குத் துளைக்கும் நடுவிலிருக்கும் தண்டு வளைந்திருந்தால் அதை இது நிமிர்த்தாது. பஞ்சுத் தூசி ஒவ்வாமை இருந்தால் அதற்கும் தனியாக மருந்து வேண்டும். அப்புறம், மாஸ்க் போட்டு வேலை செய்றீங்களா?