வாளும் மந்திரமும் ஒரே டர்னிலா?

பகடை மேசை: வாசகர் கேள்விகள்

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டை 2014 விதிகளில் நடத்துகிறேன். குழுவில் ஒருவர் 'வாள்மந்திரி' என்று சொந்தமாக ஒரு கிளாஸ் (பாத்திர வகை) எழுதிக் கொண்டுவந்திருக்கிறார். ஹிட் பாயின்டுக்கு (உயிர்ப் புள்ளிக்கு) 10 பக்கப் பகடை, கனத்த கவசம், மந்திரவாதி விசார்டின் கேன்ட்ரிப்கள் (எத்தனை முறையும் போடக்கூடிய சிறு மந்திரங்கள்), புனித வீரர் பேலடின் வேகத்தில் ஸ்பெல் ஸ்லாட் (மற்ற மந்திரங்களுக்குச் செலவாகும் இருப்பு), 5ஆம் லெவலில் எக்ஸ்ட்ரா அட்டாக் (ஒரு டர்னில் இரண்டு வெட்டு). அதே லெவலில், டர்னின் முக்கியச் செயலான ஆக்‌ஷனில் எந்த மந்திரம் போட்டாலும், கூடுதல் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷனில் இரண்டு முறை வெட்டலாம். "பாதி ஃபைட்டர், பாதி விசார்ட், கூட்டினால் ஒன்றுதானே" என்கிறார். ஃபைட்டர் ஆடுகிறவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். முழுக் கவசத்தோடு மந்திரமும் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அனுமதிக்கலாமா?

பதில்: உறுத்த வேண்டிய இடம் அதுவல்ல. பிளேட் கவசத்தில் ஏசி (அடி பட தாக்குபவர் எட்ட வேண்டிய எண்) 18. மேலே ஷீல்ட் மந்திரம் போட்டால் 23. தாக்குதலுக்கு +6 வைத்திருக்கும் அரக்கனுக்கு 20 பக்கப் பகடையில் 12 விழுந்தால் போதும் என்றிருந்தது, 17 விழுந்தாக வேண்டும் என்றாகிவிடும். மிரட்டலாகத்தான் தெரியும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்லாட்டும் அந்தச் சுற்றில் ஒருமுறையே கிடைக்கும் எதிர்வினையான ரியாக்‌ஷனும் போகிறது. 5ஆம் லெவலில் அவரிடம் இருப்பதே முதல் நிலை ஸ்லாட் 4, இரண்டாம் நிலை 2. தற்காப்புக்கே கொட்டித் தீர்த்தால் தீர்க்கட்டும். ஃபைட்டரின் எல்ட்ரிட்ச் நைட் பிரிவும் இதையேதான் செய்கிறது.

கலப்பு கிளாஸ் எது வந்தாலும் நான் முதலில் தேடுவது, ஒரே டர்னில் அது எத்தனை பேர் வேலையைச் செய்கிறது என்று. உங்கள் நண்பர் எழுதியதில் கடைசி வரியைப் படியுங்கள். 'எந்த மந்திரம் போட்டாலும்' என்றால் கேன்ட்ரிப்பும் அதில் அடக்கம். கேன்ட்ரிப்புக்குச் செலவே கிடையாது.

கணக்கைப் போட்டுவிடுவோம். 5ஆம் லெவல், ஸ்ட்ரெங்த் 18, கையில் கிரேட்ஸ்வோர்ட். ஒரு வெட்டுக்குச் சராசரி 11. இரண்டும் பட்டால் ஃபைட்டருக்கு 22. வாள்மந்திரி முதலில் ஃபயர் போல்ட் வீசுகிறார். அந்த லெவலில் அது 10 பக்கப் பகடை இரண்டு, சராசரி 11. பிறகு அதே இரண்டு வெட்டு. மொத்தம் 33. ஃபைட்டரைவிட ஒன்றரை மடங்கு, ஒவ்வொரு டர்னும், ஓசியில்.

"ஃபைட்டருக்கு ஆக்‌ஷன் சர்ஜ் இருக்கிறதே" என்பார். இருக்கிறது. ஒரு டர்னில் இன்னொரு ஆக்‌ஷன் தரும், ஆனால் ஓய்வெடுத்தால்தான் மறுபடி கிடைக்கும். அதில் வரும் கூடுதல் 22ஐ இவர் இரண்டே டர்னில் ஈடுகட்டிவிடுவார். "என் இன்டெலிஜென்ஸ் 14தான், மந்திரம் அதிகம் தவறும்" என்பார். சரி, அதையும் சேர்ப்போம். ஏசி 15 எதிரியிடம் வாள் 65 சதவீதம் படும், ஃபயர் போல்ட் 55 சதவீதம். அப்படிப் பார்த்தாலும் ஃபைட்டர் டர்னுக்குச் சராசரி 14 அடிக்கும்போது இவர் 20 அடிக்கிறார். ஃபைட்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் என்ன செய்வார்?

இப்போது எல்ட்ரிட்ச் நைட்டைப் பாருங்கள். 7ஆம் லெவலில் அவருக்கு வார் மேஜிக் வருகிறது: கேன்ட்ரிப் போட்டால் போனஸ் ஆக்‌ஷனில் ஒரே ஒரு வெட்டு. 11ம் 11ம் 22. வெறுமனே இரண்டு முறை வெட்டினால் வரும் அதே 22. இப்படி வடிவமைத்தவர்களுக்கு எங்கே கை வைக்கக் கூடாது என்று தெரிந்திருக்கிறது. 1974இல் வந்த முதல் விதிகளிலேயே இதன் வேர் இருக்கிறது. அதில் எல்ஃப் போர்வீரராகவும் ஆடலாம், மந்திரவாதியாகவும் ஆடலாம். சாகசத்துக்குச் சாகசம் மாறிக்கொள்ளலாம், ஆட்டத்தின் நடுவில் மாறக் கூடாது. பேலடினின் டிவைன் ஸ்மைட் கதையும் இதுதான். 2014 விதிகளில், பட்ட அடி ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்லாட்டைக் கொட்டி அடியின் பலத்தைக் கூட்டலாம். 2024இல் அதைப் போனஸ் ஆக்‌ஷனில் போடும் மந்திரமாக்கி, டர்னுக்கு ஒன்று என்று கட்டிப்போட்டார்கள். பேலடின் ரசிகர்கள் என்னைத் திட்டினாலும் சரி, எனக்கு அந்த மாற்றம் பிடித்திருக்கிறது.

உங்கள் நண்பரிடம் இப்படித் திருத்தச் சொல்லுங்கள்: அட்டாக் ஆக்‌ஷன் எடுக்கும்போது, இரண்டு வெட்டில் ஒன்றுக்குப் பதிலாக ஒரு கேன்ட்ரிப் போடலாம். விசார்டின் பிளேடுசிங்கர் பிரிவில் 2020இல் வந்த வழி இது. மந்திரமும் இரண்டு வெட்டும் சேர்ந்தே வேண்டும் என்று அடம்பிடித்தால், ஸ்லாட் செலவாகும் மந்திரத்துக்கு மட்டும் கொடுங்கள். நாளுக்கு ஆறு முறை என்று தானாகவே அளவு வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஒரே ஒரு பெரிய சண்டையை வைத்துச் சோதிக்காதீர்கள். ஸ்லாட் வைத்திருக்கும் எந்த கிளாஸும் அதில் சூரப்புலியாகத்தான் தெரியும். 2014 டன்ஜன் மாஸ்டர் கையேடு ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு நடுத்தர அல்லது கடினமான மோதல்களைக் குழு தாங்கும் என்கிறது. அத்தனை வைக்க நேரம் இல்லை என்றாலும் நான்காவது சண்டையாவது வரட்டும். பை காலியான பிறகு வாள்மந்திரி எப்படி நிற்கிறார் என்று அப்போது பாருங்கள்.

கேள்வி: நான் ஃபைட்டரில் 3 லெவல், விசார்டில் 3 லெவல் என்று மல்டிகிளாஸ் எடுத்து ஆடுகிறேன். கூட இருப்பவர்கள் எல்லாரும் பிரகாசிக்கிறார்கள், நான் மட்டும் சும்மா நிற்கிறேன். ஆட்டத்தை நடத்தும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) என்னை ஒதுக்குகிறாரா?

பதில்: பாவம் டிஎம்மை விடுங்கள். உங்கள் 6ஆம் லெவல் ஃபைட்டர் நண்பர் டர்னுக்கு இரண்டு முறை வெட்டுகிறார். நீங்கள் ஒரு முறை. விசார்ட் நண்பர் போன லெவலிலேயே ஃபயர்பால் வாங்கி 6 பக்கப் பகடை எட்டை உருட்டிக்கொண்டிருக்கிறார். உங்களுக்கு இரண்டாம் நிலை மந்திரத்தோடு சரி. 5ஆம் லெவல் படியை ஏறாமல் இரண்டு பக்கமும் நின்றால் இரண்டும் கெட்டான்தான். இனி வரும் இரண்டு லெவலையும் ஒரே பக்கம் போடுங்கள். எனக்கென்றால் விசார்ட்.