தில்லியில் மாற்றுத்திறனாளி மாணவர்கள் ஒன்றுசேர்ந்து கேட்டால் கல்லூரியில் நிஜமாகவே ஏதாவது மாறுமா?

பார்வைக் குறைபாடுள்ள தங்கையைத் தில்லிப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கப் போகிறீர்கள், 'சங்கம், மனு என்று அலைந்தால் கெட்ட பெயர்தானே மிச்சம்?' என்று கேட்டிருக்கிறீர்கள். கெட்ட பெயர் கொஞ்சம் வரும்தான். காரியமும் நடக்கும், மெதுவாக.

நான் மயூர் விகாரில் வளர்ந்த தமிழன். பிறவியிலேயே பார்வை கிடையாது. 2017இல் வடக்கு வளாகத்தில் ஒரு கல்லூரியில் (பெயர் வேண்டாம்) பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அந்த ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. 1995 சட்டத்தில் 3 சதவீதமாக இருந்த இட ஒதுக்கீடு, உயர்கல்வியில் 5 ஆகியிருந்தது. இடம் கிடைத்துவிட்டது. உள்ளே வந்தவன் எப்படிப் படிப்பான் என்று மட்டும் யாரும் யோசித்திருக்கவில்லை.

வளாகத்தை ஒட்டிய பட்டேல் செஸ்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளில் 'ரீடிங்ஸ்' எனும் பாட வாசிப்புப் பக்கங்களைக் கட்டுக்கட்டாக விற்பார்கள். சீனியர்கள் அதைச் செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவார்கள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ என்ற இலவச மென்பொருள்தான் எனக்குக் கண். நாற்பது பக்கத்தைத் திறந்தால் அது ஒரே சொல் சொல்லும்: 'பிளாங்க்'. வந்திருப்பது எழுத்தல்ல, வெறும் படம். படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருளில் போட்டாலோ, கோணலான பக்கத்தில் ஆங்கில எழுத்துகள் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி 'எம்' ஆகிவிடும். 'மாடர்ன் இந்தியா'வை 'மோடம் இந்தியா' என்று கேட்டே முதல் செமஸ்டர் போனது.

தனித்தனியாகப் போய்க் கேட்டபோது சில ஆசிரியர்கள் டைப் செய்த குறிப்புகளை அனுப்பினார்கள். அடுத்த செமஸ்டரில் வேறு ஆசிரியர், மறுபடி முதலிலிருந்து கெஞ்சல்.

நாங்கள் ஒன்றுசேர்ந்தது ஒரு தேர்வு நாளில். நான் சொல்லச் சொல்ல விடை எழுதவேண்டிய ரைட்டர் வரவில்லை. ஆபீசில் யாரோ ஒரு முதலாமாண்டுப் பையனைப் பிடித்து அனுப்பினார்கள். 'பெர்மனன்ட் செட்டில்மென்ட்' (ஆங்கிலேயர் கால நிலவரி முறை) என்பதை எழுத்தெழுத்தாகச் சொல்லவேண்டியிருந்தது. மணிக்கு 20 நிமிடமாவது கூடுதலாகத் தரவேண்டும் என்பது விதி. மூன்று மணி நேரத் தேர்வுக்குக் கிடைத்த அந்த ஒரு மணியும் ஸ்பெல்லிங்கிலேயே கரைந்தது. வெளியே வந்தால் படிக்கட்டில் இன்னும் நாலு பேர், ஆளுக்கொரு புலம்பல்.

அதில் ஒருவன் சேலத்துக்காரன், சக்கர நாற்காலியில் இருப்பவன். நூலகச் சாய்தளத்தை முதலில் அளப்போம் என்றான். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். அம்மாவின் தையல் டேப்பைக் கொண்டுபோனேன். அது ஐந்தடிதான், வைத்து வைத்து அளந்தோம். இரண்டடி உயரத்துக்கு ஒன்பதடி நீளம் இருந்தது. (குருடனும் முடவனும் கதைதானே என்று தோன்றினால் பரவாயில்லை, நாங்களே சொல்லிச் சிரித்ததுதான். திரும்பும்போது நான் தள்ள, அவன் பஸ் கண்டக்டர் மாதிரி 'ரைட்டு' என்றான். நான் வலதுபக்கம் திருப்பிப் பூந்தொட்டியில் விட்டேன்.)

அந்த அளவுகளோடு ஆறு பேர் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தோம். நியாயமான வசதியை மறுப்பதும் பாகுபாடுதான் என்று சட்டம் சொல்வதை எழுதினோம். 23ஆம் பிரிவின்படி இருக்கவேண்டிய குறைதீர்ப்பு அதிகாரி யார் என்று கேட்டோம். அந்தக் கேள்விக்குத்தான் ஆபீஸ் அசைந்தது. கொடுத்த கடிதத்துக்கு டைரி நம்பர், அதாவது ஆபீஸ் பதிவேட்டு எண், வாங்காமல் திரும்பவே கூடாது. இதற்கு முன் நம்பர் வாங்காமல் ஒரு கடிதம் கொடுத்திருந்தோம், அது 'வரவே இல்லை' என்றார்கள்.

அடுத்த வருடம் சாய்தளத்தை இடித்துக் கட்டினார்கள். ரைட்டர் பட்டியல் ஒன்றைத் தேர்வுக்கு முன்பே தயாராக வைத்தார்கள். ரீடிங்ஸ் எங்கள் துறையில் மட்டும் சரியானது. லிஃப்ட் நான் முடித்து வரும்வரை வரவில்லை.

எங்கள் தவறும் ஒன்று உண்டு. காது கேளாத மாணவி ஒருத்தி இரண்டு கூட்டத்துக்கு வந்தாள், அப்புறம் வரவில்லை. எங்களுக்கு வாய்ஸ் மெசேஜ் வசதி, அவளுக்கு அது ஒன்றுக்கும் உதவாது. கூட்டத்தில் பேசுவதை ஒருவர் உடனுக்குடன் குரூப்பில் டைப் செய்ய ஆரம்பித்த பிறகுதான் திரும்பி வந்தாள். அது எங்களுக்கு உறைக்க ஒரு செமஸ்டர் ஆனது.

தங்கைக்குக் குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழ் என்றால் இட ஒதுக்கீடு கிடைக்காது. ஆனால் ரைட்டர் கேட்க அந்த 40 கட்டாயமில்லை என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒரு யுபிஎஸ்சி தேர்வர் போட்ட வழக்கு அது. தீர்ப்பின் நகல் ஒன்று பையில் இருக்கட்டும். சேர்ந்த முதல் வாரமே பல்கலைக்கழகத்தின் சம வாய்ப்புப் பிரிவுக்குப் போய்ப் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

வளாகத்துக்குப் பக்கத்து விஸ்வவித்யாலயா மெட்ரோ நிலையத்தின் வாசல்வரை, காலில் தட்டுப்படும் மஞ்சள் ஓட்டுப் பாதையைப் பிடித்தே வந்துவிடலாம். வெளியே இ-ரிக்‌ஷாக் கூட்டம், நடைபாதை என்று ஒன்று இருப்பதே தெரியாது. முதல் நாலைந்து நாள் நீங்களும் அவள் கூடவே நடப்பது நல்லது.