கிறிஸ்துமஸ் குட்டிக் கிராமம்: விளக்கும் ஒயரும் (கேள்வி பதில்)

மேஜை மேல் சின்னச் சின்ன வீடுகளை அடுக்கி, பனி தூவி, உள்ளே விளக்கு வைக்கும் கிறிஸ்துமஸ் கிராமம் பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன். பாதிப் பேர் ஒயரை எங்கே ஒளிப்பது என்றுதான் கேட்டிருக்கிறீர்கள், அதனால் அந்தப் பதில் மட்டும் நீளம்.

கேள்வி: அக்கா, என்னிடம் 15 பீங்கான் வீடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி பல்ப், தனி பிளக். ஜங்ஷன் பாக்ஸில் இன்னொரு ஜங்ஷன் பாக்ஸைச் சொருகித்தான் எரிய விடுகிறேன். வேறு வழி உண்டா?

முதலில் அந்த இரண்டாவது ஜங்ஷன் பாக்ஸைக் கழற்றுங்கள். இந்த வீடுகளில் வழக்கமாக வருவது சி7 வகை இழை பல்ப், 5 முதல் 7 வாட். 15 வீட்டுக்கு நூறு வாட்டைத் தொடும், அதில் பெரும்பகுதி வெறும் சூடு. அதே ஹோல்டரில் பொருந்தும் எல்இடி பல்ப் ஒரு வாட் அளவில் வேலையை முடித்துவிடும். ஆனால் பிளக் எண்ணிக்கை குறையாது.

அதனால் நான் சொல்வது 12 வோல்ட் அடாப்டர் ஒன்றே ஒன்று. அதிலிருந்து இரண்டு ஒயர் மேஜை நெடுக ஓடட்டும். ஒவ்வொரு வீடும் அந்த இரண்டிலிருந்து தனித்தனியாகக் கிளை பிரியட்டும் (பேரலல் இணைப்பு). ஒரு எல்இடி அதிகபட்சம் 20 மில்லி ஆம்பியர் என்று வைத்தாலும் 15க்கு 300 தான். 1 ஆம்பியர் அடாப்டர் சூடாகாமல் ஓட்டும், பின்னால் தெருவிளக்கு சேர்க்கவும் இடம் இருக்கும். பழைய பல்ப் போகும் பின்பக்கத் துளை வழியாகவே எல்இடியை உள்ளே விடலாம், பீங்கானைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: 12 வோல்ட்டில் கொடுத்தேன், எல்இடி பளிச்சென்று ஒரு தடவை எரிந்து செத்துவிட்டது.

ரெசிஸ்டர் (கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் சின்ன மின்தடை) இல்லாமல் கொடுத்திருப்பீர்கள். வெள்ளை எல்இடிக்குச் சுமார் 3 வோல்ட் போதும். மீதி 9 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்க வேண்டும். 9 வோல்ட்டை 0.02 ஆம்பியரால் வகுத்தால் 450 ஓம், கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 470. கணக்கு இவ்வளவுதான்.

ஆனால் நான் 470 போடுவதில்லை. கைக்குள் அடங்கும் வீட்டுக்கு அது வெல்டிங் வெளிச்சம். 2.2 கிலோ ஓம் போடுங்கள், 4 மில்லி ஆம்பியர்தான் போகும், ஜன்னல் அழகாக இருக்கும். மங்கலாகத் தெரிந்தால் 1 கிலோ ஓமுக்கு இறங்குங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள், பகலில் வேண்டாம்.

கேள்வி: எல்லாம் சரியாக எரிகிறது, ஆனால் கிராமம் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கிறது.

கூல் ஒயிட் (நீலம் பாய்ந்த வெள்ளை) வாங்கியிருக்கிறீர்கள். வார்ம் ஒயிட் (மஞ்சள் கலந்த வெள்ளை) வேண்டும், 2700 கெல்வின் அல்லது அதற்கும் கீழே. எல்லா வீட்டுக்கும் ஒரே ரெசிஸ்டர் வேண்டாம். தேவாலயம் சற்றுப் பிரகாசமாக, ஓரத்து வீடு மங்கலாக, ஒன்றிரண்டு இருட்டாகவே இருக்கட்டும். அங்கே ஆட்கள் தூங்கிவிட்டார்கள்!

ஜன்னல் வழியாக எல்இடியின் புள்ளி நேராகக் கண்ணில் குத்தினால், ஜன்னலுக்கு உள்ளே பட்டர் பேப்பர் ஒட்டி, எல்இடியைக் கூரை பார்த்துத் திருப்பி வையுங்கள். பிளாஸ்டிக், அட்டை வீடுகளில் சுவரே ஒளிரும். உள்பக்கம் முதலில் கறுப்பு பெயின்ட், காய்ந்ததும் அதன் மேல் வெள்ளை. கறுப்பு வெளிச்சத்தைத் தடுக்கும், வெள்ளை அதை ஜன்னல் பக்கம் திருப்பும்.

கேள்வி: ஒயரை எப்படி மறைப்பது? பஞ்சுக்கு அடியில் விட்டால் பாம்பு மாதிரி புடைத்துத் தெரிகிறது.

பஞ்சு ஒயரை மறைப்பதற்கு ஆனதல்ல. ஒயர் தரைக்குக் கீழே போக வேண்டும், அதற்குத் தரையே இரண்டு அடுக்காக இருக்க வேண்டும்.

தெர்மாகோல் அல்லது கெட்டியான ஃபோம் பலகை எடுத்துக்கொள்ளுங்கள். வீடுகளை அதன் மேல் வைத்து, ஒவ்வொன்றைச் சுற்றியும் பேனாவால் கோடு போடுங்கள். வீட்டின் நடுவுக்கு நேர்கீழே ஒரு துளை. அது ஒயர் நுழையும் அளவுக்கு மட்டும் இருந்தால் போதாது, கனெக்டரே நுழைந்து வரவேண்டும், இல்லையென்றால் ஒரு வீட்டைக் கழற்ற ஒயரை வெட்ட நேரும். பலகையைக் கவிழ்த்து, துளைக்குத் துளை கத்தியால் வாய்க்கால் கீறுங்கள். பிரதான ஒயர் இரண்டும் அந்த வாய்க்காலில் ஓடி, பின்பக்கம் ஒரே இடத்தில் வெளியே வரட்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சாண் ஒயர் கூடுதலாக விட்டால், வீட்டைத் தூக்கிப் பார்க்கும்போது இழுபடாது.

இணைப்புகளை மட்டும் எங்கும் ஒட்டி மூடிவிடாதீர்கள். பலகையைத் திருப்பினால் எல்லா இணைப்பும் கண்ணில் பட வேண்டும். மறைப்பது பார்ப்பவருக்காக, ரிப்பேர் பார்க்கப்போவது நீங்கள்.

தெர்மாகோலில் இரண்டு விஷயம். சால்வென்ட் கலந்த பசையும் சாதாரண ஸ்ப்ரே பெயின்ட்டும் அதைக் கரைத்துவிடும், சூடான ஹாட் க்ளூவும் குழி விழ வைக்கும். நீரில் கரையும் வெள்ளைப் பசையும் அக்ரிலிக் பெயின்ட்டும் பயன்படுத்துங்கள். அடுத்தது பலருக்குத் தெரியாதது: பிவிசி ஒயர் உறையை மென்மையாக வைத்திருக்கும் பொருள் காலப்போக்கில் தெர்மாகோலுக்குள் இறங்கும். தெர்மாகோல் உருகின மாதிரி ஆகும், ஒயர் உறை விறைத்து வெடிக்கும். ஒரு சீசனில் நடக்காது, ஆனால் வருடக்கணக்கில் அப்படியே வைப்பதென்றால் வாய்க்காலில் காகிதம் விரித்து அதன் மேல் ஒயரை விடுங்கள்.

கேள்வி: மேஜையில் துளை போட முடியாது, பலகையும் வேண்டாம். பனித் துணி விரித்து வைப்பதோடு சரி.

அப்படியானால் துணிக்கு அடியில் அட்டைப் பெட்டிகளைக் கவிழ்த்துப் படிப்படியாக மேடு கட்டுங்கள். பெட்டிகளுக்கு நடுவே உள்ள சந்துதான் உங்கள் வாய்க்கால். வீட்டின் பின்னால் துணியில் சின்னக் கீறல் போதும், பின்பக்கம் யாரும் பார்க்கப்போவதில்லை. வெள்ளை உறை ஒயர் வாங்குங்கள். தரையில் ஓடித்தான் ஆக வேண்டும் என்றால் வேலி, சாலை ஓரம், ஆற்றங்கரை என்று ஏற்கெனவே கோடு இருக்கிற இடத்தில் ஓட்டுங்கள், கண் அதைக் கோட்டோடு கோடாக எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: தெருவிளக்கில் முடி மாதிரி ஒயர். முறுக்கி இணைத்தேன், எரியவே இல்லை.

அது எனாமல் பூசிய செம்பு ஒயர், தம்பி. பார்க்கச் செம்பு மாதிரி இருந்தாலும் மேலே மின்சாரம் கடக்காத பூச்சு உண்டு. நுனியை மெல்லிய உப்புத்தாளால் சுரண்டிவிட்டு சோல்டர் செய்யுங்கள். சோதிக்க சிஆர்2032 பட்டன் செல் போதும், அதன் உள்தடை அதிகம் என்பதால் சட்டென்று எல்இடி எரிந்துபோகாது. எரியவில்லை என்றால் ஒயரை மாற்றிப் பிடியுங்கள், எல்இடிக்கு பிளஸ், மைனஸ் உண்டு.

கேள்வி: பவர் பேங்கில் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடுகிறது.

உங்கள் கிராமம் இழுக்கும் கரன்ட் மிகக் குறைவு. போன் சார்ஜ் ஏறி முடிந்தது என்று நினைத்து பவர் பேங்க் மூடிக்கொள்கிறது. போன் சார்ஜர் அடாப்டரில் சொருகுங்கள். 5 வோல்ட்டுக்கு ரெசிஸ்டர் கணக்கு மாறும்: 20 மில்லி ஆம்பியர் என்றால் 100 ஓம், மங்கலாக வேண்டுமென்றால் 470.

கேள்வி: மூன்று பேட்டரி பெட்டியில் ரீசார்ஜபிள் போட்டேன், மங்கலாக எரிகிறது. பழுதா?

இல்லை. சாதாரண பேட்டரி 1.5 வோல்ட், மூன்றுக்கு 4.5. ரீசார்ஜபிள் 1.2 தான், மூன்றுக்கு 3.6. எனக்கு அந்த மங்கலே பிடிக்கும். பெட்டியைத் தூக்கி எடுக்கக்கூடிய ஒரு குன்றுக்கு அடியில் வையுங்கள், சுவிட்ச் விளிம்பைப் பார்த்து இருக்கட்டும்.

கேள்வி: பழைய சீரியல் செட் பல்புக்கு மேல் பஞ்சுப் பனி வைக்கலாமா?

கூடாது. இழை பல்பும் பஞ்சும் தொடவே கூடாது. எல்இடியாக இருந்தாலும் அடாப்டரைப் பனிக்குள் புதைக்காதீர்கள், அதற்குக் காற்று வேண்டும். கிராமத்தில் பொம்மை ரயில் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று: ஜிகினா இழை தண்டவாளத்தில் குறுக்கே விழுந்தால் ஷார்ட்.

கேள்வி: வீட்டில் கிடைத்த பழைய அட்டை வீடுகளின் பின்சுவரில் வட்டத் துளை இருக்கிறது. எதற்கு?

விளக்குக்காகத்தான். 1920, 30களில் ஜப்பானில் செய்து அமெரிக்காவில் விற்ற அட்டை வீடுகளில் இப்படித் துளை உண்டு. கிறிஸ்துமஸ் மரத்தில் சுற்றும் விளக்கு மாலையின் ஒரு பல்பை அதில் சொருகுவார்கள். வீட்டுக்குத் தனி ஒயர் கிடையாது, மாலையே ஒயர். இன்றைக்கு அதில் பல்ப் வைக்காதீர்கள், காய்ந்த அட்டை. மெல்லிய எல்இடி சரத்தை அதே போலப் பின்னால் ஓட்டி, வீட்டுக்கு ஒரு முனையை உள்ளே விடுங்கள்.

கேள்வி: டிம்மர் போட்டேன். கண்ணுக்கு நன்றாக இருக்கிறது, போன் வீடியோவில் கோடு கோடாக ஓடுகிறது.

எல்இடி டிம்மர் பெரும்பாலும் வெளிச்சத்தைக் குறைப்பதில்லை, விளக்கை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுகிறது. கண் ஏமாறும், கேமரா ஏமாறாது. வீடியோ எடுக்கும்போது டிம்மரை முழு வெளிச்சத்துக்குத் திருப்பிவிடுங்கள். எப்போதும் மங்கலாகவே வேண்டுமென்றால் டிம்மரைக் கழற்றிவிட்டு ரெசிஸ்டரைப் பெரிதாக்குங்கள்.